எல்.எல்.ஆர். வாங்கிய மகளுக்குத் தனியாக கார் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 18 வயது முடிந்து எல்.எல்.ஆர். வந்துவிட்டது. என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று கணவர் பெயரில் உள்ள புது கார். இன்னொன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான மாமனார் பெயரில் உள்ள பழைய கார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு ஓட்டச் சொல்லித் தரலாம் என்று இருக்கிறேன். ஆனால், 'டீன் ஏஜ் டிரைவரை பாலிசியில் சேர்க்காவிட்டால் க்ளெய்ம் கிடைக்காது, 6,500 ரூபாய் கட்டுங்கள்' என்கிறார் எங்கள் ஏஜென்ட். பழைய காரில் கற்றுக்கொண்டால் இந்தச் செலவு இல்லையா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்த 6,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பழைய காரில் கற்றுக்கொடுக்கும் யோசனையையும் இப்போதைக்கு விடுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நம் நாட்டில் மோட்டார் இன்ஷூரன்ஸ் காரின் மேல் எடுக்கப்படுவது. யார் ஓட்டுகிறார், அவருக்கு என்ன வயது என்று பார்த்து பிரீமியம் போடுவதில்லை. அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்கள், 'பையனைச் சேர்த்ததும் பிரீமியம் எகிறிவிட்டது' என்று சொல்லியிருப்பார்கள். அது அந்த ஊர் நடைமுறை. இங்கே தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை, அதாவது நம் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பிரீமியத்தை, அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பில் 1,000 சி.சி. வரை உள்ள சொந்த காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897 என்று இருக்கிறது. ஓட்டுநரின் வயதுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் காரின் மதிப்பு, அதன் வயது, சி.சி., பதிவான ஊர் ஆகியவற்றை வைத்தே கணக்கிடப்படுகிறது. உங்கள் மகள் ஓட்டப் போகிறாள் என்பதற்காக அதில் ஒரு ரூபாய்கூடக் கூட வேண்டியதில்லை.

ஏஜென்ட் விடாப்பிடியாக நின்றால் ஒன்று மட்டும் கேளுங்கள். 'பணத்தை கம்பெனி பெயரில் ஆன்லைனில் கட்டுகிறேன், கம்பெனி ரசீதும் பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எண்டார்ஸ்மென்ட் காப்பியும் அனுப்புங்கள்.' பேச்சு அதோடு நின்றுவிடும். ஜி.பே.யில் அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அந்தப் பணம் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினால் பாலிசி செல்லுமா? செல்லும். உங்கள் பாலிசியில் 'டிரைவர்ஸ் க்ளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம், எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 3-வது விதியைக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். விஷயமே இவ்வளவுதான். இதைத் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து பாலிசியோடு ஏன் தர முடியாது? லட்சக்கணக்கான குடும்பங்களைப் பாதிக்கிற வரியைப் பொடி எழுத்து ஆங்கிலத்தில் புதைத்து வைப்பதால்தான் ஆளுக்கு ஆள் வந்து 6,500 கேட்கிறார்கள்.

அந்த 3-வது விதி கேட்பது மூன்று விஷயங்கள். மகளின் எல்.எல்.ஆர். காலாவதியாகாமல் இருக்க வேண்டும். காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். அட்டை குறைந்தது 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம் என்று அளவுகூடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விரல் நீளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஒப்பேற்ற முடியாது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்த வகை வண்டிக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள ஒருவர் சொல்லிக் கொடுப்பவராகக் கூடவே இருக்க வேண்டும். அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஆள் நீங்கள்தான் என்பதால் முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்ததா, காருக்கும் சேர்த்து எடுத்ததா? தேதி இன்னும் இருக்கிறதா? அம்மாவின் லைசென்ஸ் காலாவதியாகியிருப்பது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. நீங்கள் உட்கார வேண்டிய இடம் முன்சீட். பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வது கணக்கில் வராது. உங்கள் கை ஹேண்ட் பிரேக்குக்கு எட்ட வேண்டும். புது காரில் லீவருக்குப் பதிலாக பட்டன் பிரேக் இருந்தால், ஓடும்போது அது எப்படி வேலை செய்கிறது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு சாலையில் இறங்குங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற பாலிசிதாரர்களுக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. கணவர் துபாயில் இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. எல்.எல்.ஆர்.-உம் லைசென்ஸ்தான், அதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மூன்றில் ஒன்று இல்லாமல் விபத்து நடந்தால் உங்கள் காரின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அடிபட்டவருக்கு நீதிமன்றம் சொன்னபடி கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை காரின் உரிமையாளரிடமிருந்து, அதாவது உங்கள் கணவரிடமிருந்து, வசூல் செய்யவும் செய்யலாம். உயிரிழப்பு என்றால் அந்தத் தொகை லட்சங்களில் போகும். அபார்ட்மென்ட் பார்க்கிங்தானே, உள்சாலைதானே என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பாலிசியின் நிபந்தனை கேட் வாசலில் முடிந்துவிடுவதில்லை.

இனி மாமனாரின் கார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சென்னையில் எத்தனையோ வீடுகளில் இந்த நிலைமைதான். தாத்தாவின் பழைய கார், கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளைகள் பழகுவதற்கு விடப்படுகிறது. உங்கள் ஏஜென்ட் இரண்டு ஆண்டுகளாக அந்த பாலிசியை எப்படிப் புதுப்பித்தார்? வண்டி எண்ணையும் பழைய பாலிசியையும் வைத்து, காலமானவர் பெயரிலேயே செய்திருப்பார். கம்ப்யூட்டர் கேள்வி கேட்பதில்லை, கம்பெனியும் பணத்தை வாங்கிக்கொள்கிறது. க்ளெய்ம் போட்டால்தான், 'பாலிசிதாரர் எங்கே?' என்று கேட்பார்கள்.

பாலிசித் தாளை எடுத்து பிரீமிய விவரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 'ஓனர் டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட்' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கிறதா? அது உரிமையாளர் வண்டி ஓட்டும்போது இறந்தால் 15 லட்ச ரூபாய் தருவதற்கான காப்பீடு. காலமான ஒருவருக்கு விபத்துக் காப்பீடு என்று உங்களிடம் ஆண்டுதோறும் பணம் வாங்கியிருக்கிறார்கள். இதைச் செய்த ஏஜென்ட்தான் இப்போது உங்கள் மகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

சட்டப்படி நடந்திருக்க வேண்டியது வேறு. உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்.சி., நடப்பு பாலிசி எல்லாம் கேட்பார்கள். தாமதத்துக்கு அபராதம் உண்டு, கட்டிவிடலாம். முதலில் ஆர்.சி.யில் பெயர் மாற வேண்டும், அதன் பிறகு பாலிசியிலும் மாற வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் அதிகம். கணவர் பெயருக்கு மாற்றுவதானால் அவர் விடுமுறையில் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் பெயருக்கு என்றால் இப்போதே ஆரம்பிக்கலாம். கார் 15 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பித்தல், பசுமை வரி என்று இன்னொரு படலமும் இருக்கிறது. பழுதில்லாத ஒரு குடும்ப காரைப் பெயர் மாற்ற இத்தனை ஜன்னல்களில் நிற்க வேண்டியிருப்பதால்தான் மக்கள் வாசலில் நிற்கும் புரோக்கரைத் தேடிப் போகிறார்கள். அவர், 'வாரிசுச் சான்றிதழ் வேண்டாம், தாத்தா விற்ற மாதிரி கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்' என்பார். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது போலி ஆவணம். வழக்கு என்று வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், புரோக்கர் இல்லை.

எனவே கணவர் பெயரில் இருக்கும் காரிலேயே கற்றுக்கொடுங்கள். முதலில் எங்கே இடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்: கேட் தூண், பக்கத்து வண்டியின் பின்பக்கம், நம்முடைய பம்பர். பிளாஸ்டிக் பாகங்களுக்கு சாதாரண பாலிசியில் பாதி விலைதான் கிடைக்கும். 'பம்பர் டு பம்பர்' என்று சொல்கிறார்களே, அந்த ஜீரோ டெப் சேர்த்திருந்தால் அந்தக் கழிவு இருக்காது. ஏஜென்ட் கேட்ட பணத்தில் ஒரு பகுதியை அடுத்த புதுப்பித்தலில் இதற்குப் போட்டால் பிரயோஜனம் உண்டு. சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். ஒவ்வொரு க்ளெய்மிலும் 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. க்ளெய்ம் போடாத ஆண்டுகளுக்காக 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

மகளுக்கென்று தனியாக எடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன 15 லட்சம் உரிமையாளருக்கு மட்டும்தான். ஓட்டியவர் மகள் என்றால் அது அவளுக்குக் கிடைக்காது. தவறு அவளுடையதாக இருந்தால் தேர்ட் பார்ட்டியிலும் அவளுக்கு எதுவும் வராது. ஆகவே அவள் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் போனாலும் ஸ்கூட்டரில் போனாலும் அது கூடவே வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பிலோ ஏஜென்டோ, 'பொண்ணு ஓட்டினதா சொல்லாதீங்க மேடம், நீங்க ஓட்டினதா எழுதிடலாம்' என்று சொல்வார்கள். நல்லது செய்வதாக நினைத்தே சொல்பவர்களும் உண்டு. ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கேமரா இருக்கிறது. ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) யார் ஓட்டினார் என்று எழுதியிருக்கும், எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும். க்ளெய்ம் படிவத்தில் வேறு பெயர் இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு க்ளெய்மை மறுக்கும் வேலை சுலபம். எல்.எல்.ஆர்., எல் போர்டு, பக்கத்தில் நீங்கள் என எல்லாம் சரியாக இருந்து கிடைத்திருக்க வேண்டிய பணம், ஒரு பொய்யால் போய்விடும். உண்மையைச் சொல்லியும் மறுத்தால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

18 வயது முடியாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவர்களிடம் கார் சாவி போகவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ-இன்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

கடைசியாகத் தேதி. எல்.எல்.ஆர். ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும். 30 நாட்கள் முடிந்ததும் டெஸ்டுக்குப் போகலாம். செமஸ்டர் வந்துவிட்டது, ஸ்லாட் கிடைக்கவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று ஆறு மாதம் ஓடிவிடும். அந்தத் தாமதத்துக்கு யார் காரணமாக இருந்தாலும் கம்பெனி பார்ப்பது எல்.எல்.ஆரில் உள்ள தேதியை மட்டும்தான். இரண்டாவது மாதத்திலேயே ஸ்லாட் போட்டுவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால் புதிதாக எல்.எல்.ஆர். கைக்கு வரும் வரை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவள் ஓட்டக் கூடாது.