ராயக்கோட்டை வரை பைக், அதற்கு மேல் கம்பெனி பஸ்

கேள்வி: எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. டிப்ளமோ முடித்த எனக்கு ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று ஷிப்ட், கைக்கு 16,500 ரூபாய். கம்பெனி பஸ் ராயக்கோட்டை வரைதான் வரும். அப்பாவின் பைக்கில் போய் அதைப் பிடிக்கலாமா, 6,000 ரூபாய் கொடுத்து ஓசூர் ஹாஸ்டலில் தங்கலாமா?

பதில்: ராயக்கோட்டைக்கு ஒரு நடை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 850 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிடைத்தால் 17 லிட்டர் பெட்ரோல். ஆயில், டயர், செயின் எல்லாம் சேர்த்தாலும் 2,200-க்குள் முடியும். பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டிலிருந்து போவதே லாபம்.

சிக்கல் ஷிப்டில்தான். காலை 6 மணி ஷிப்டுக்கு 3.45-க்கே எழ வேண்டும். இரவு 10 மணிக்கு முடிந்தால் வீடு சேர நள்ளிரவாகிவிடும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் பைக் ஓட்டுவதுதான் இதில் மோசம், கண் சொக்கும். பஸ்ஸிலேயே தூங்கிவிட்டு, இறங்கியதும் முகம் கழுவி டீ குடித்துவிட்டு வண்டியை எடுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் ஓசூர் வரை பைக்கில் போகவே போகாதீர்கள். வழியில் உள்ள சானமாவு காட்டுப் பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். மார்கழிப் பனியில் எதிரே வரும் தக்காளி வண்டிகூடத் தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் லீவு போனால் போகட்டும்.

பைக் அப்பா பெயரில் இருப்பதைக் கவனியுங்கள். இன்சூரன்ஸில் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குத்தான். ஓட்டும் மகனுக்குக் கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றி, பாலிசியையும் மாற்றுங்கள்.

அடுத்தது இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். 2010-ல் வந்த திருத்தப்படி, வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால் அது பணியிட விபத்தாகவே கருதப்படும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பலருக்கு இது கைநழுவுவது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்தான். வலியில் 'வண்டியிலிருந்து விழுந்துட்டேன்' என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். 'டூட்டிக்குப் போகும்போது' என்று எழுதச் சொல்லுங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, விபத்து அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள். வழியை விட்டு விலகி நண்பன் வீட்டுக்குப் போயிருந்தால் கேள்வி வரும்.

இதெல்லாம் வேலைக்கான ஆர்டரை யார் தருகிறார் என்பதைப் பொறுத்தது. கம்பெனியா, கான்ட்ராக்டரா, அப்ரண்டிஸா? அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் இல்லை. கான்ட்ராக்ட் என்றால், சேர்ந்த பத்து நாளுக்குள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ரயிலும் மாரண்டஹள்ளி வழியாகப் போகிறதே என்று தோன்றும். அதை நம்பி ஷிப்டுக்குப் போக முடியாது.

ஒரு மாதம் வீட்டிலிருந்தே போய்ப் பாருங்கள். நைட் ஷிப்ட் வாரம் உடம்புக்கு ஒத்துவராவிட்டால், அந்த வாரத்துக்கு மட்டும் ஓசூரில் நாள் வாடகைக்குப் படுக்கை தரும் இடம் இருக்கிறதா என்று உடன் வேலை பார்ப்பவர்களிடம் விசாரியுங்கள். அதுவரை ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.