தம்பியின் சம்மதம்

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். தனக்கு நோயே இல்லை என்று மாத்திரையை மறுக்கிறான். அவன் சம்மதிக்காமல் சேர்க்க முடியாது என்கிறார் மருத்துவர். புத்தி பேதலித்தவனிடம் சம்மதம் கேட்கச் சொல்வது என்ன சட்டம்? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சம்மதமில்லாமல் சேர்க்கவே முடியாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லவில்லை, அப்படிச் சொல்லி உங்களைத் திருப்பியனுப்பியது மருத்துவரின் பிழை. ஒருவர் அண்மையில் தம்மையோ பிறரையோ தாக்கியிருந்தாலோ, தம்மைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்துக்குள்ளாகும் நிலையில் இருந்தாலோ, அவர் சார்பில் பேசும் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால், 30 நாள்வரை சேர்க்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. சேர்த்தது சரிதானா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தகவல் போக வேண்டும். நோயாளி பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்றே நாள். தம்பியும் அந்த வாரியத்திடம் முறையிடலாம். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால், 72 மணி நேரம்வரை எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் சிகிச்சை தரலாம்.

ஆக, உங்கள் கோபம் சம்மதம் கேட்பதன் மீதன்று, நீங்கள் சொன்னால் போதாது என்பதன் மீது என்றே எனக்குப் படுகிறது. மாத்திரை எதற்கு, விட்டால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொண்டு தன் முடிவைச் சொல்லத் தெரிந்தவரின் மறுப்பு, பிறர் கண்ணுக்குத் தவறாகப் படுகிறது என்பதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்றாகிவிடாது என்கிறது 4ஆம் பிரிவு. மாத்திரையால் நாள் முழுக்கத் தூக்கம், கைநடுக்கம், ஏறிக்கொண்டே போகும் உடல் எடை என்று உங்கள் தம்பிக்கும் காரணங்கள் இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா? சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. தெரியவரும் நாளில் மருந்தோடு சோறும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

வீட்டார் முடிவே போதும் என்றிருந்தால் என்ன நடக்கும் என்பதை நம் மாநிலம் 2001 ஆகஸ்ட் 6 அன்று பார்த்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலரும் உங்களைப் போலவே அக்கறையுள்ள உறவினர்கள்தாம். சங்கிலியிடுவதை இன்றைய சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

தம்பி தெளிவாக இருக்கும் நாளொன்றில், அடுத்த முறை நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். 5ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அதில் அவர் உங்கள் பெயரை எழுதாமலும் போகலாம்.