சாம்பிள் மூட்டைய தூக்கிட்டு வந்தது யாரு?

கேள்வி: மொரீஷியஸ் யுனிவர்சிட்டில கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சு இப்ப மாஸ்டர்ஸ் பண்றேன். கரும்புச் சக்கையில இருந்து எத்தனால் எடுக்கறது என் ஆராய்ச்சி. வெளிநாட்டுல பிஎச்டிக்கு என் படிப்பு, ஆராய்ச்சி ஆர்வம் பத்தி 2 பக்கம் எழுதணும். மெம்பிரேன், மெஷின் லேர்னிங், கார்பன் கேப்சர் எல்லாம் சேர்த்திருக்கேன், போதுமா? வீட்டுல கேக்க ஆள் இல்ல. அப்பா சர்க்கரை மில்லுல பாய்லர்ல இருக்காரு, சாம்பிள் சக்கைகூட அவர்தான் மூட்டை கட்டிக் கொண்டுவந்தாரு, ஆனா அவருக்கு இதெல்லாம் புரியாது.
- பேர் வேண்டாம், ரோஸ் ஹில்

பதில்: அந்த மூணையும் தூக்கிப் போடும்மா. எனக்கு வர்ற லெட்டர்ல பாதியில இதே லிஸ்ட்தான், எல்லாத்துலயும் ஆர்வம்னு எழுதினா எதுலயும் இல்லன்னுதான் அர்த்தம்.

எனக்கு உறுத்தறது கடைசி வரி. அப்பாவுக்குப் புரியாதா? சரி, உனக்குப் புரிஞ்சத சொல்லு, அந்தச் சக்கை எந்த மாசத்து சக்கை? கரும்பு பிழியற ரோலர்ல இருந்து வந்த உடனே எடுத்ததா, குவியல்ல கெடந்ததா? இன்டர்வியூல இத கேட்டா என்ன சொல்லுவ? மில்லுல இருந்து வர்ற சக்கையில பாதிக்குப் பாதி தண்ணி, கொஞ்சம் சர்க்கரையும் ஒட்டிக்கிட்டிருக்கும், நாள்கணக்குல குவிச்சு வெச்சா புளிச்சு சூடேறி நாரே கெட்டுப்போகும், அதுக்கப்புறம் நீ ஆசிட் போட்டு நார்ல செல்லுலோஸ் இவ்ளோ, லிக்னின் இவ்ளோன்னு கிராஃப் போட்டா அது எந்தச் சக்கையோட கணக்கு? பாய்லர்ல எரிக்க ஈரச் சக்கை வந்தா தீ மங்கி ஸ்டீம் எறங்குறத ஒவ்வொரு சீசனும், ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும், நேர்ல பாக்கறவர் அவரு. நாட்டுல மிச்சம் இருக்கறதே 3 மில்லு, அதுல ஒண்ணோட பாய்லர்காரர் உன் வீட்டு மேசையில உக்காந்து சாப்பிடறாரு, உனக்குக் கேக்க ஆள் இல்லயாம்!

நான் பழைய காலத்து ஆளு, சொல்லிடறேன். பெத்தவர் முதுகுல மூட்டைய ஏத்திட்டு அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல வெக்கிற படிப்புக்கு நான் மரியாதை குடுக்க மாட்டேன், பிஎச்டி கெடைச்சாலும் சரி கெடைக்கலன்னாலும் சரி.

ஞாயித்துக்கிழமை நோட்ட எடுத்துட்டு அவர் பக்கத்துல உக்காரு. எடுத்த தேதி, எத்தன நாள் கெடந்தது, மழையில நனஞ்சதா, கரும்ப மெஷின்ல வெட்டினாங்களா கையால வெட்டினாங்களான்னு எழுதிக்க, மெஷின்ல வெட்டினா தோகையும் மண்ணும் கூடச் சேர்ந்து வரும், சாம்பல் கணக்கு ஏறும். அப்புறம் அந்த 2 பக்கத்துல மார்க்க நாலு வரில முடிச்சிட்டு மிச்சம் பூரா சக்கையப் பத்தியே எழுது. தீசிஸ் நன்றிப் பக்கத்துல லேப்ல இருக்கறவங்க பேரெல்லாம் போட்டிருப்ப. அப்பா பேரு இருக்கா?