ராத்திரி ஒன்றரை மணிக்கு யார் போனை எடுப்பார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்ததும் நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போக ஏற்பாடு செய்கிறேன். நான், மனைவி, பிள்ளைகள் இருவர் (11, 6 வயது), அம்மா. பெங்களூரில் ஒரு டூர் கம்பெனி ‘செல்ஃப் டிரைவ் பேக்கேஜ்’ தருகிறது. கார், எட்டு ராத்திரி ஓட்டல், மில்ஃபோர்ட் சவுண்டில் (மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) படகு, ரூட் புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஓட்டுவது மட்டும் நான். இறங்கிய அன்றே கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ. மறுநாள் மவுண்ட் குக் பார்த்துவிட்டுக் குயின்ஸ்டவுன், அங்கே மூன்று ராத்திரி, அதில் ஒருநாள் மில்ஃபோர்ட் போய்த் திரும்புவது. பிறகு ஃபிரான்ஸ் ஜோசப்பில் இரண்டு, ஹோகிடிகாவில் ஒன்று, கடைசி ராத்திரி கிரைஸ்ட்சர்ச். “இதையெல்லாம் நாமே போட்டுக்கலாம், எதுக்கு வீண் செலவு?” என்கிறார் மச்சான். நான் தினமும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் காரில் போய்வருகிறவன், ஓட்ட பயமில்லை. எது சரி?

ச., கிருஷ்ணகிரி

அன்புள்ள ச.,

விலைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்த நாள்வரிசையில் இருக்கும் தூரங்களைப் பாருங்கள். அங்கே ஊருக்கு வெளியே வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. ஆனால் ஓசூர் போகும் ஆறுவழிச் சாலையை மனதில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தென் தீவில் பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. நடுவில் தடுப்பு கிடையாது. வளைவுகள் அதிகம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்களும் வரும். நிற்காமல் ஓட்டினாலும் சராசரி 70, 75-க்கு மேல் வராது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது உங்களுக்குப் பெரிய சௌகரியம்.

இப்போது மில்ஃபோர்ட் நாளை எடுத்துக்கொள்வோம். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் சுமார் 290 கி.மீ., நாலு மணி நேரம். போக நாலு, வர நாலு, படகில் இரண்டு. குழந்தை வாந்தி எடுக்கவும் அம்மா காலை நீட்டிக்கொள்ளவும் நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஏப்ரல் கடைசியில் அங்கே இலையுதிர் காலம். காலை ஏழரைக்கு விடிந்து மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். ஆக, திரும்பும் வழியில் கடைசி ஒன்றரை மணி நேரம் தெரியாத மலைச்சாலையில், இருட்டில், களைத்துப்போன ஒரே டிரைவர். இதே மில்ஃபோர்ட் டே அனாவ் ஊரிலிருந்து 118 கி.மீ.தான். அங்கே இரண்டு ராத்திரி தங்கினால் அதே நாள் சாவகாசமாக முடியும். இது தெரியாமல் யாரும் பேக்கேஜ் போடுவதில்லை. ஒரே ஓட்டலில் மூன்று ராத்திரி என்றால் அவர்களுக்கு வேலை குறைவு.

முதல் நாளும் அப்படித்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம். பிறகு சிங்கப்பூர், அங்கிருந்து கிரைஸ்ட்சர்ச்சுக்குச் சுமார் பத்து மணி நேரம். அங்கே காலை பத்து மணி என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை மூன்றரை. அந்த நிலையில் புது வண்டியில் 225 கி.மீ. ஓட்டி டெகாப்போ போகச் சொல்கிறார்கள். முதல் ராத்திரி கிரைஸ்ட்சர்ச்சில் தூங்கி எழுந்து, மறுநாள் காலை வண்டியை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

பேக்கேஜை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஏதாவது கெட்டுப்போனால் யார் மாற்றிக்கொடுப்பார்கள்? மில்ஃபோர்ட் சாலை, மழை பெய்தால் மண்சரிவிலும் பனி விழுந்தால் அதனாலும் மூடப்படும். ஏப்ரல் கடைசியில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஃபிரான்ஸ் ஜோசப், ஹோகிடிகா இருக்கும் மேற்குக் கரைக்கு ஹாஸ்ட் வழியாகப் போகும் சாலையும் அப்படியே. அது மூடினால் சுற்றுவழி பல நூறு கிலோமீட்டர். இந்தச் செய்தி உங்களுக்குக் காலை எட்டு மணிக்குத் தெரியவரும். அப்போது பெங்களூரில் ராத்திரி ஒன்றரை. அந்த நேரத்தில் போனை எடுத்து, படகை மறுநாளுக்கு மாற்றி, வேறு ஊரில் அறை பிடித்துத் தர ஆள் இருந்தால் அந்தப் பேக்கேஜுக்குக் கூடுதல் பணம் தரலாம். அதாவது நியூசிலாந்திலேயே அலுவலகம், அந்த நாட்டு நம்பர், எழுத்தில் ஒப்புதல். ‘வாட்ஸ்அப் குரூப் இருக்கு சார்’ என்பது பதில் ஆகாது. அப்படி ஆள் இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது முன்பதிவுக் கூப்பன்களை மட்டும். ரத்து செய்ய முடியாத கூப்பன் என்றால் சாலை மூடிய அன்று அது கையில் சுமைதான்.

விலையை ஒப்பிட, கம்பெனியிடம் மொத்தத் தொகையைக் கேட்டுப் பயனில்லை. ஓட்டல் பெயர், அறை வகை, கார் எந்த அளவு, இன்சூரன்ஸில் விபத்து நேர்ந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று நாலையும் எழுதி வாங்குங்கள். நாலாவதுதான் பலர் கேட்க மறப்பது. அடிப்படை இன்சூரன்ஸில் சில ஆயிரம் நியூசிலாந்து டாலர் வரை உங்கள் தலையில் விழும். அதைப் பூஜ்யமாக்கத் தினசரி தனிக் கட்டணம் உண்டு. பேக்கேஜ் விலையில் அது பெரும்பாலும் இருக்காது, கவுன்டரில் நிற்கும்போதுதான் சொல்வார்கள். காரும் அப்படியே. ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் ‘ஐந்து சீட்’ காரில் பெட்டி ஏறாது. ஏழு சீட் வண்டி எடுத்துப் பின்சீட்டை மடக்கிக்கொள்ள வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், ஏழாவது பிறந்தநாள் வரை. டீசல் வண்டி என்றால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலை வரி தனியாகக் கேட்பார்கள். பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் பணம் அதுவரை முடங்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது: நீங்களே போடுங்கள், மேற்குக் கரையை விட்டுவிடுங்கள். ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு பின்வாங்கிவிட்டது. இப்போது நடந்துபோய் அதன் மேல் கால் வைக்க முடியாது. தூரத்திலிருந்து பார்க்கலாம், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அதுவும் வானிலை விட்டால்தான். அதற்காகக் குயின்ஸ்டவுனிலிருந்து 350 கி.மீ. அம்மாவை உட்கார வைக்க வேண்டாம். கிரைஸ்ட்சர்ச் ஒன்று, டெகாப்போ இரண்டு, குயின்ஸ்டவுன் இரண்டு, டே அனாவ் இரண்டு, கடைசி ராத்திரி மறுபடி குயின்ஸ்டவுன். காரை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். போகும்போது கிரைஸ்ட்சர்ச், வரும்போது குயின்ஸ்டவுன் என்று ஒரே டிக்கெட்டாகக் கேட்டால் கிடைக்கும். வேறு ஊரில் காரை விடக் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்பே பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெகாப்போவிலிருந்து மவுண்ட் குக் 105 கி.மீ. மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்வர இரண்டு ராத்திரி உதவும். டே அனாவிலும் அதே காரணம்தான்: படகை முதல் முழுநாளுக்குப் போடுங்கள். சாலை மூடினால் கிளம்பும் நாளுக்கு மாற்றலாம். அன்று குயின்ஸ்டவுன் சேர இருட்டும், ஆனால் கை நழுவாது.

முன்பதிவில் வரிசை முக்கியம். ஏப்ரலில் அங்கும் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை வரும். எனவே டெகாப்போ, டே அனாவ் அறைகளை முதலில் பிடியுங்கள், சிறிய ஊர்கள். ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் நமக்கு விசா வேண்டும். கையில் வரும் வரை திரும்பாத பணம் எதையும் கட்டாதீர்கள். பேக்கேஜ்காரரிடமும் விசா மறுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், குரல் மாறும். சமையலறையோடு கூடிய மோட்டல் யூனிட் எடுத்தால் அம்மாவுக்குச் சோறு ஆக்கிக்கொள்ளலாம். அங்கே வரவேற்பில் ராத்திரி எட்டுக்கு மேல் ஆள் இருப்பது அரிது. தாமதமானால் சாவி எங்கே என்று முன்கூட்டியே மெயிலில் கேட்டு வையுங்கள்.

உங்கள் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்திலும் இருப்பதால் அங்கே செல்லும். இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1000 ரூபாய் கட்டிச் சர்வதேச அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்டரில் வாக்குவாதம் மிச்சம். கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்க வேண்டும். வண்டிக்கு ஈடாக ஒரு தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள். மச்சான் கார்டு உதவாது. குயின்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் ரோடு என்று ஒரு மண்பாதை உண்டு, வாடகை வண்டிக்கு அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. ஒரு வண்டி மட்டும் போகும் பாலத்தில், பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிவப்பாகவும் சிறிதாகவும் இருந்தால் நின்று வழிவிடுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரம் கட்டி விடுங்கள்; ஹாரன் அடித்துக் கேட்க மாட்டார்கள். மில்ஃபோர்ட் கிளம்பும் முன் டே அனாவில் டேங்கை நிரப்பி, மேப்பைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வழியில் பங்க்கும் இல்லை, பெரும்பகுதி சிக்னலும் இல்லை.

பொடி வகைகளைக் கடைப் பாக்கெட்டாக எடுத்துப்போய், இறங்கும்போது படிவத்தில் உணவுப் பொருள் ‘உண்டு’ என்று குறியுங்கள். குறிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். நெய், பால்கோவா, தேன் வேண்டாம். மாம்பழ சீசன் தொடங்கியிருக்கும். பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.