டீன் பதவியும் ஆறு மணி ஷிஃப்டும்

அன்புள்ள சார்,

வட கரோலினாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். படித்தது கெமிக்கல் எஞ்சினியரிங், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சில வருடங்களாகப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு எடுக்கிறேன். இப்போது அங்கே தொழிற்கல்வி, வேலைப் பயிற்சி இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் டீன் பதவி காலியாகியிருக்கிறது. விண்ணப்பிக்கச் சொன்னார்கள், போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குக் குழப்பமே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கம்பெனி கேட்கிற மாதிரி ஆளைத் தயார் செய்து அனுப்புவதுதானே இந்த வேலை? இதைக் கல்வி என்று சொல்லலாமா? காலேஜின் ஆலோசனைக் குழுவில் எங்கள் கம்பெனி சார்பாக உட்கார்ந்திருக்கிறேன், நாங்கள் என்ன கேட்போம் என்று எனக்கே தெரியும். ஊரில் அப்பாவிடம் சொன்னபோது, "யுனிவர்சிட்டி இல்லையா? அப்ப நம்ம ஐ.டி.ஐ. மாதிரியா?" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் அது என்ன வேலை என்று சொல்வீர்களா?

ம.

(பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஐ.டி.ஐ. மாதிரியும்தான். அதே வளாகத்தில் பாலிடெக்னிக், நர்சிங் ஸ்கூல், பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கான டுடோரியல், அப்புறம் பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடங்கள் எல்லாம் இருக்கும். 1901இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் இந்த வகைக் கல்லூரி தொடங்கியபோது அந்தக் கடைசி வகைதான் இருந்தது. மற்றவை பின்னால் வந்து சேர்ந்தவை. அவருக்கு இதெல்லாம் வேண்டாம் என்றால், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இலேயே ஒரு சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்தான்) தொடங்கியது என்று சொல்லுங்கள். அடுத்த வருடம் சென்னை மயிலைப் பேராயம் ஒன்று தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் சென்னையில் இருந்துகொண்டு அந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனார். அப்படியும் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தால் கொடுக்கட்டும்.

உங்கள் முதல் கேள்விதான் கனமானது. அதற்கு உங்கள் மாநிலத்திலிருந்தே பதில் சொல்ல முடியும்.

கன்னாபோலிஸ் என்ற ஊரைத் தாண்டிப் போயிருப்பீர்கள், சார்லட்டுக்கு வடக்கே. துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பெரிய மில் அங்கே இருந்தது. கேனன் மில்ஸ் என்பது பழைய பெயர், கடைசியில் பில்லோடெக்ஸ். 2003 ஜூலை 30 அன்று அதை மூடினார்கள். வட கரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு வேலை போனது. அந்த மாநிலம் அதுவரை அப்படி ஒரு ஆட்குறைப்பைப் பார்த்ததில்லை. மில் மூடினால் ஊர் என்ன ஆகும் என்று கோவில்பட்டிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டம் போய் நின்ற இடங்களில் முக்கியமானது ரோவன்-கபாரஸ் கம்யூனிட்டி காலேஜ். இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. படிப்புச் செலவும் கிடைக்கும், படிக்கிற காலத்தில் கைச்செலவுக்கும் வரும். (அந்தத் திட்டம் 2022இல் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.) சரி, என்ன சொல்லிக் கொடுப்பது? வந்தவர்களில் நிறையப் பேர் பள்ளியையே முடிக்காதவர்கள். பதின்ம வயதில் மில்லுக்குள் போனவர்களிடம் அந்தச் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் கேட்டார்கள். ஆகவே புதுத் தொழில் கற்பதற்கு முன்னால் வாசிப்பு, பின்னக் கணக்கு, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்புவது. ஐம்பது வயதில்.

கம்பெனிக்கு ஆள் தயார் செய்வதுதான் வேலை என்றால் அன்றைக்கு அந்தக் கல்லூரிக்கு வேலையே இருந்திருக்காது. ஆள் கேட்ட கம்பெனி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆட்கள் இருந்தார்கள்.

வட கரோலினாவில் இந்தக் கல்லூரிகளைக் கட்டி எழுப்பியவர் டல்லஸ் ஹெரிங், மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவர். 1963இல் இதற்கான சட்டம் வந்தது. குடும்பத் தொழில் சவப்பெட்டி செய்வது, அதையும் விடாமல் பார்த்துக்கொண்டார். மனிதர்களை அவர்கள் நிற்கிற இடத்தில் சேர்த்துக்கொண்டு, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும் என்பார். இன்றைக்கும் அங்கே எந்தக் கல்லூரித் தலைவர் மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. முதல் பாதியைச் செய்கிறார்கள். இரண்டாம் பாதியில்தான் சிக்கல்.

பயோவொர்க் வகுப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் மாதிரித் தொழிற்சாலைகளுக்குத் தொடக்க நிலை ஆட்களைத் தயார் செய்யும் குறுகிய படிப்பு. நெசவு மில்லில் காலம் தள்ளிய ஒரு பெண்மணி அதில் சேர்ந்திருந்தார். கிருமி படாத மேலுடை போட்டுக்கொள்ளும் கவுனிங் அறையில் பிரமாதமாகச் செய்தார். மேலங்கியின் கை தரையில் படாமல், வெளிப்பக்கத்தைத் தொடாமல் போடுவது அவருக்கு இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது. மருந்து தயாரிக்கும்போது ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கிற பேட்ச் ரெக்கார்டில்தான் மாட்டிக்கொண்டார். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி அடிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. ஒற்றைக் கோடு, அதன் அடியில் பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி. உங்களுக்கு இது கையெழுத்து போடுகிற மாதிரிப் பழகியிருக்கும். அவருக்கோ தன் தப்பு எல்லோர் கண்ணிலும் பட அப்படியே இருப்பது பிடிக்கவில்லை. "வேற தாள் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு தாள் கிடையாது என்பதுதான் அன்றைய பாடம். தேறினார், வேலையும் கிடைத்தது, மில்லை விட நல்ல சம்பளம்.

இந்த மாதிரிக் கதையை இதோடு நிறுத்தி, போட்டோ எடுத்து, கல்லூரி மலரில் போடுவார்கள். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு அவருக்கு மேலே போக ஆசை வந்தது. டெக்னீஷியன் பட்டயம் இருந்தால் நல்லது என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். அதே கல்லூரிக்கு, அதே கட்டடத்துக்கு வந்தார். நீங்கள் முன்பு படித்தது கணக்கில் வராது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏனென்றால் அவர் படித்தது நான்-கிரெடிட், அதாவது பட்டயத்துக்கோ பட்டத்துக்கோ கணக்கில் சேராத படிப்பு.

உங்கள் கல்லூரியிலும் இந்தச் சுவர் இருக்கும். மாலையில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போகிறவருக்குக் கண்ணில் பட்டிருக்காது. ஒரு பக்கம் கிரெடிட். செமஸ்டர், மாநிலப் பாடத்திட்டம், அங்கீகாரக் குழு, பட்டம் வாங்கிய ஆசிரியர்கள். இன்னொரு பக்கம் நான்-கிரெடிட். கம்பெனி போன் செய்தால் சில வாரங்களில் வகுப்பு தொடங்கிவிடும், வேலை தெரிந்த யாரும் சொல்லிக் கொடுக்கலாம், முடித்தால் ஒரு சான்றிதழ். பதிவு தனி, பட்ஜெட் தனி. பல இடங்களில் டீனும் தனி. ஏழை மாணவர்கள், வயதானவர்கள், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் வந்து சேர்வார்கள் என்று ஊகிக்கலாம்.

இரண்டையும் சேர்த்து ஒரே டீன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தப் பதவி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுவரில் ஒரு கதவு வைப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை. கேட்க எளிது. செய்வது என்றால், குறுகிய படிப்பில் சொல்லிக் கொடுத்ததையும் கிரெடிட் பாடத்தில் இருப்பதையும் ஆசிரியர்கள் உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். எது இரண்டிலும் இருக்கிறதோ அதற்குத் தேர்வு வைத்தோ வைக்காமலோ கிரெடிட் கொடுக்க வேண்டும். "தரம் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். சில சமயம் அது நியாயமான கேள்விதான். குறுகிய படிப்பில் வேதியியல் மேலோட்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். சில சமயம் அந்தக் கேள்விக்கு "என் வகுப்பில் ஆள் குறையும்" என்று அர்த்தம். எது எது என்று பிரித்துப் பார்க்கக் கெமிக்கல் எஞ்சினியர் ஒருவர் டீனாக இருப்பது வசதி.

சட்டமும் இப்போது கொஞ்சம் உதவுகிறது. ஏழை மாணவர்களுக்கான பெல் மானியம் இவ்வளவு காலமும் 15 வாரத்துக்குக் குறைவான படிப்புக்குக் கிடைத்ததில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் 8 வாரப் படிப்புக்கும் அதைக் கொடுக்கலாம் என்கிறது. நிபந்தனைகள் உண்டு. சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடிக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும், மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். பலரும் படிக்காமல் தாண்டிப் போகிற நிபந்தனை இன்னொன்று. அந்தப் படிப்பை முடித்தவர் மேலே பட்டயமோ பட்டமோ படிக்கப் போனால் அது கிரெடிட்டாகக் கணக்கில் வர வேண்டும். அதாவது கதவு வைக்காத கல்லூரிக்குப் பணம் கிடையாது. நேர்காணலில் இதைச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு அந்த 70 சதவீதத்தில் ஒரு பயமும் உண்டு. கணக்கு தப்பக் கூடாது என்று, தேறுவார் என்று தெரிந்தவரை மட்டும் சேர்க்க ஆரம்பிப்பார்கள். கன்னாபோலிஸ் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேரை அப்படிச் சேர்த்திருப்பார்கள்?

இனி ஆலோசனைக் குழு. நீங்கள் அந்த மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர். சாண்ட்விச் டப்பா, பெயர் அட்டை, ஒன்றரை மணி நேரம். இவர்களைக் கேட்டுத்தான் உள்ளூர்த் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்று 2018இல் திருத்திய பெர்கின்ஸ் சட்டம் சொல்கிறது. தொழிற்கல்விக்கு மத்திய அரசு கொடுக்கும் பணம் அந்த வழியில்தான் வருகிறது. "எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்களா? நேரத்துக்கு வரணும், போதைப் பரிசோதனையில் தேறணும், மத்ததை நாங்க சொல்லிக் கொடுத்துக்கிறோம்." நான் உட்கார்ந்த குழுக்களில் முதல் பதில் எப்போதும் இதுதான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

டீன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அடுத்த கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? காலை ஆறு. உங்கள் ஊரில் முதல் பஸ் எத்தனை மணிக்கு? பஸ் இருக்கிறதா? குழந்தைக் காப்பகம் எப்போது திறக்கும்? நேரத்துக்கு வராதவருக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இதெல்லாம் மேஜைக்கு வர வேண்டும். ஒரு கம்பெனிக்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு பிரிவுக்கு மட்டும் ஷிஃப்டை ஏழரைக்கு மாற்றினார். மற்றவர்கள் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் சம்பளம். எங்களுக்கு வெல்டர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவரிடம் மணிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். இதைக் கேட்கக் கூசாத டீன் இருந்தால் அது கல்விதான் என்பது என் கட்சி.

ஆசிரியர் தேடுவது, பட்ஜெட் இதெல்லாம் போகப்போகத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். வரலாற்று வகுப்புக்குப் பலகையும் நாற்காலியும் போதும். வெல்டிங் வகுப்பில் ஆளுக்கு ஒரு தடுப்பு வேண்டும், அதற்கு மேல் எரிகிற கம்பி, கேஸ், வெட்டிப் போடுகிற இரும்பு. பதினைந்து பேருக்கு மேல் சேர்க்க முடியாது. தலைக்கணக்கில் பணம் பிரிக்கிற கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் அந்த வகுப்புக்காக நீங்கள்தான் சண்டை போட வேண்டும். சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவருக்கோ வெளியே அதைவிட அதிகச் சம்பளம். நர்சிங்கிலும் அதே கதை.

நேர்காணலில் கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். மூன்றைக் கேளுங்கள். ஆலோசனைக் குழுக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாமா? போன வருடம் நான்-கிரெடிட் பக்கத்திலிருந்து கிரெடிட் பக்கம் போனவர்கள் எத்தனை பேர்? படித்து முடித்தவர்கள் ஒரு வருடம் கழித்து என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று பார்க்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் எண் இருக்காது. எண் இல்லாததற்கு வெட்கப்படுகிறார்களா, "அதெல்லாம் எதற்கு?" என்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் ரகம் என்றால் சேரலாம். இரண்டாவது ரகம் என்றால் இருக்கிற வேலையே தேவலை, மாலை வகுப்பைத் தொடருங்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மருந்துக் கம்பெனியில் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை முதலில் வீட்டில் பேசிவிடுங்கள், அப்பாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.