குதிரை லத்தியை மா, முந்திரி மரங்களுக்கு அப்படியே போடலாமா?

பச்சையாகப் போடாதீர்கள், மட்க வைத்துப் போட்டால் அருமையான உரம். குதிரை அசைபோடாத பிராணி. அதனால் தின்ற புல்லின் விதைகள் பல, முளைக்கும் நிலையிலேயே லத்தியில் வந்துவிடும். குவித்து வைத்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை கிளறுங்கள். நடுவில் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டால் கை சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் விதைகள் சாகும். 3, 4 மாதத்தில் சூடு தணிந்து, கறுத்து, மண்வாசம் வரும். அப்புறம் தாராளமாகப் போடலாம்.

லாயத்தில் மரத்தூள் விரித்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மட்காத தூள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

அறுவடை முடிந்து மழை தொடங்கும்போது, கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே வட்டமாகப் பரப்பி மண்ணோடு கலந்துவிடுங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். பூக்கும் பருவத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். பூவுக்குப் பதில் தளிராகத் தள்ளிவிடும்.