போஸ்ட்கிரெஸ் 10-ஐ நீக்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்தின் சர்வரை உபுண்டு 18.04-இலிருந்து 20.04 வழியாக 22.04-க்கு உயர்த்தினோம். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு 14 தானாகவே வந்துவிட்டது; ஆனால் பில்லிங் மென்பொருள் இன்னும் 10-இல்தான் ஓடுகிறது. நடுவில் சிறுகோடு உள்ள சில பில் எண்களைத் தேடினால் கிடைப்பதில்லை; முழுப் பட்டியலை எடுத்தால் அவை இருக்கின்றன. 10-ஐ நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: தயவுசெய்து 10-ஐ இப்போது தொடாதீர்கள், உங்கள் தரவு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. இயங்குதளத்தை உயர்த்தும்போது உபுண்டு புதிய போஸ்ட்கிரெஸைப் பழையதற்குப் பக்கத்தில் வெறுமையாக நிறுவுமே தவிர, தரவை எடுத்துச் செல்வதில்லை. 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையை இட்டால், எந்தப் பதிப்பு எந்தப் போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) இருக்கிறது என்பது தெரியும்.

அதைவிடக் கவலைக்குரியது பில் எண் சிக்கல். எழுத்துத் தரவை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை, வேறு ஏற்பாடு செய்யாதவரை, போஸ்ட்கிரெஸ் லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சி நூலகத்திடமே கேட்டறிகிறது. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெருமளவில் மாற்றியது: ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) முன்பு 11-க்குப் பின்னால் நின்ற 1-1, இப்போது 11-க்கு முன்னால் நிற்கிறது. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27, 20.04-இல் 2.31. ஆகவே பழைய விதிப்படி அடுக்கிய இன்டெக்ஸில் (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியலில்) புதிய விதிப்படி தேடல் நடக்கிறது. அது தவறான கிளையில் இறங்கி, வெறுங்கையுடன் திரும்புகிறது. இதே காரணத்தால், ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் 'யூனிக்' கட்டுப்பாடும் ஏமாந்து, ஒரே எண்ணில் இரண்டு பில்கள் பதிவாகியிருக்கக்கூடும். எந்தப் பிழைச் செய்தியும் வராமல் இது நடப்பதால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

விரைவாக முடியும் என்று பலரும் பரிந்துரைக்கும் 'பிஜி அப்கிரேட்' என்ற பதிப்பு மாற்றக் கருவி இங்கே உதவாது. அது இன்டெக்ஸ் கோப்புகளையும் உள்ளபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பதால், கோளாறும் கூடவே போகும். பின்னர் எழுத்து இன்டெக்ஸ்களை 'ரீஇன்டெக்ஸ்' செய்து புதிதாக உருவாக்கியாக வேண்டும். உங்களுக்கு ஏற்றது டம்ப் எடுத்து (தரவு முழுவதையும் கோப்பாக எழுதி எடுத்து) மீட்டமைக்கும் வழி. நேரம் கூடுதலாகும், அதுவரை பில்லிங் நிற்கும். ஆனால் எல்லா இன்டெக்ஸும் புதிய விதிப்படி புதிதாக உருவாகும். 'பிஜி அப்கிரேட்கிளஸ்டர்' கட்டளை இயல்பாகவே இம்முறையில்தான் செயல்படுகிறது.

தொடங்கும் முன் முழு பேக்கப் ஒன்றை வேறு கணினியில் வையுங்கள். அடுத்து, 10-இல் இன்டெக்ஸ் வழித் தேடல்களை அந்த இணைப்பில் மட்டும் அணைத்துவிட்டு, இரட்டைப் பதிவுகளைத் தேடித் திருத்துங்கள். அவை எஞ்சியிருந்தால் மீட்டமைப்பின்போது 'யூனிக்' இன்டெக்ஸ் உருவாகாது. எந்தப் பில் மெய்யானது என்பதைக் கணக்குப் பிரிவினர் தீர்மானிப்பதே முறை. பழைய தரவும் புதிய தரவும் ஒருசேர இருக்குமளவு வட்டில் இடமும் வேண்டும்.

14-க்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவுதான். 10-க்கு அது 2022 நவம்பரில் முடிந்தது, 14-க்கு 2026 நவம்பரில் முடிகிறது. உழைப்பும் சோதனையும் ஒன்றே என்பதால், போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ஆப்ட் களஞ்சியத்திலிருந்து (மென்பொருள் தொகுப்புகளின் இணையக் கிடங்கிலிருந்து) 17-ஐ நிறுவிக்கொண்டால் 2029 நவம்பர் வரை ஆதரவு கிடைக்கும். நிறுவும்போது உருவாகும் வெற்று 17 கிளஸ்டரை (தரவுத்தளத் தொகுதியை) முதலில் நீக்க வேண்டும். நீக்கும் கட்டளையில் பதிப்பு எண்ணை இருமுறை சரிபாருங்கள். மாற்றம் முடிந்ததும் 17 பழைய போர்ட்டை ஏற்றுக்கொள்ளும். 10 நிறுத்தப்பட்டு அப்படியே காத்திருக்கும். ஒரு மாதக் கணக்கு முடிந்து எண்கள் ஒத்துப்போன பிறகு அதை நீக்கலாம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 16.2-இலிருந்து 16.10-க்குப் போகவும் டம்ப் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பதிப்பு 10 முதல், முதல் எண் மாறினால் மட்டுமே தரவை மாற்றியமைக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, தொகுப்பைப் புதுப்பித்து, சர்வரை மறுதொடக்கம் செய்தால் போதும்.